முதுகுக்குப் பின்னால் ஒரு புத்தகப் பை

மலேசியாவிலேயே ஆம்புலன்ஸை அதிகத் தடவை கூப்பிட்டவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், செமினி ஊரில் எங்களோடு இருந்த 'ஆம்புலன்ஸ்' அண்ணனுக்குத்தான் முதல் பரிசு. பரிசு கொடுக்கிறவர் லேசாகத் தும்மினால் மேடையிலேயே இன்னொரு தடவை கூப்பிட்டுவிடுவார்.

கல்லூரிக்குப் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு மாடி வீட்டைப் பையன்களாகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் முதலாம் ஆண்டு, அவர் மூன்றாம் ஆண்டு. பகலில் எவன் கண்ணயர்ந்தாலும் வந்து தோளைக் குலுக்குவார்.

"டேய், உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேண்ணே. தூங்க விடுங்கண்ணே."

"அப்ப சைடா படு."

ஒருக்களித்துப் படுக்க வைத்து, மறுபடி மல்லாந்துவிடாதபடி முதுகுக்குப் பின்னால் புத்தகப் பையை முட்டுக்கொடுத்துவிட்டுப் போவார். மல்லாந்து படுத்தவன் வாந்தி எடுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளுமாம். "நாசி லெமாக் சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கேன், எனக்கு எதுக்குண்ணே வாந்தி வரப்போகுது?" என்று கேட்டேன். "எந்தக் கடை?" என்றார்.

மற்ற சீனியர்கள் வேறு ஜாதகம். புதுப் பையன்களை வரவேற்க 'ஆசீர்வாதம்' என்று ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். மண்டி போட வேண்டும். சூப் மங்கில், அதாவது பெரிய கிண்ணத்தில், பீரையும் சம்சு என்கிற மலிவுச் சாராயத்தையும் கலந்து தருவார்கள். மூச்சு விடாமல் குடிக்க வேண்டும், நிறுத்தினால் இன்னொரு மங்கு. முடித்ததும் கட்டிப்பிடித்து, "இனி நீ நம்ம தம்பி" என்பார்கள். பாசமாம், பாசம்! சொந்தத் தம்பிக்கு வீட்டில் மைலோ கலக்கிக் கொடுக்கிற உத்தமர்கள்தான் ஊரான் பிள்ளைக்கு சம்சு ஊற்றினார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் என் முறை வந்தது. அண்ணன் லாண்டரிக்குப் போகும்வரை காத்திருந்துதான் தொடங்கினார்கள். இரண்டாவது மங்கோடு எனக்கு நினைவு தப்பிவிட்டது. மிச்சக் கதை என் அறைத்தோழன் சொன்னது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறான்.

என்னை மல்லாக்கப் போட்டு, நெற்றியில் தைலம் தேய்த்து, "தூங்குனா தெளிஞ்சிரும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு கேரம் ஆடப் போய்விட்டார்களாம். விஷம் குடித்தவன் மாதிரி கிடக்கிறவனுக்குத் தலைவலித் தைலம்! படித்த கூட்டம் வேறு.

துவைத்த துணியோடு திரும்பிய அண்ணன் வழக்கம்போல் குலுக்கினார். "டேய், உயிரோடதான் இருக்கியா?" பதில் இல்லை. கிள்ளினார், அசையவில்லை. உதடு நீலமாக இருந்தது. சட்டென்று என்னை ஒருக்களித்துப் புரட்டி, பையை முட்டுக்கொடுத்தார். வாந்தி தரையில் கொட்டியது. கையோடு 999-ஐ அழுத்தினார்.

சீனியர்களின் தலைவன் பாய்ந்து வந்தான். "போனை வைடா! ஆம்புலன்ஸ் வந்தா தாமானே பார்க்கும்லா. இண்டியன் பசங்க மானமே போயிரும்!"

"மானமா? இவன் போய்ட்டா இவங்கம்மாகிட்ட யாருடா சொல்றது? கிள்ளான்லதான் வீடு. காடியை எடு, நீயே வந்து சொல்லு."

தலைவன் காரை எடுக்கவில்லை. அண்ணன் என் மூச்சைப் பார்த்துக்கொள்ள அறைத்தோழனை உட்கார வைத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்கு வீட்டைக் காட்ட, துவைத்த கைலியைக் கொடி மாதிரி வீசிக்கொண்டு நடுரோட்டில் ஓடினார். தாமான் முழுக்க வெளியே வந்து பார்த்தது. ஆம்புலன்ஸும் வந்தது. "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்று தொடங்கிய டாக்டர், என் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம்.

பிறகு கல்லூரியில் விசாரணை நடந்தது. "அவனாத்தான் சார் ஆசைப்பட்டுக் குடிச்சான்" என்று அந்தப் பாசமுள்ள அண்ணன்கள் ஒரே குரலில் சொன்னார்கள். மண்டி போட்டு ஆசைப்படுவது எந்த ஊர் வழக்கமய்யா? அவர்களுக்கு ஓர் எச்சரிக்கையோடு முடிந்தது. ஆம்புலன்ஸ் அண்ணனுக்குக் கிடைத்த பட்டம் 'காட்டிக்கொடுத்தவன்'. படிப்பு முடியும்வரை அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அவர்கள் சாப்பிடவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இந்த வருடமும் ஏதோ ஒரு தாமானில் எவனோ ஒருவன் மண்டி போடுவான். அவனுக்கும் இப்படி ஒரு கிறுக்கர் வாய்க்க வேண்டுமே!

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு அண்ணன் சாப்பிட வந்திருந்தார். வாழை இலைச் சாப்பாடு முடிந்ததும் சோபாவில் நான் அசந்துவிட்டேன். பாதித் தூக்கத்தில் யாரோ தோளைக் குலுக்கியது தெரிந்தது. "இருக்கேண்ணே" என்றேன்.

விழித்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். என் மகளின் பள்ளிக்கூடப் பை முதுகுக்குப் பின்னால் முட்டிக்கொண்டிருந்தது. எடுக்க மனம் வராமல், இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன்.