உதிராத பொருக்கு

சின்ன உப்போடை,
மட்டக்களப்பு.
வியாழக்கிழமை, காலைத் தேநீருக்குப் பின்.

அன்புள்ள மகன் ஏர்லுக்கு,

நீயும் தானியாவும் சுகமாக இருக்கவும், உங்கள் மாடிவீட்டு லிஃப்ட் இனியும் பழுதாகாமல் இருக்கவும் மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நான் மிகவும் நன்றாக இருக்கிறேன். இந்த வசனத்தை முதலில் எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். என் கடிதங்களில் நீ முதல் பந்தியை மட்டும்தான் வாசிப்பாய் என்று தானியா ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் காயத்தைப் பற்றிச் சொன்னால் நீ "ம்ம், ம்ம்" என்கிறாய், உன் பின்னால் யாரோ விக்கெட் விழுந்துவிட்டதாகக் கத்துகிறார்கள். போன ஞாயிறு கமராவைப் போட்டுக் காயத்தைக் காட்டச் சொன்னாய். மகன், அந்தக் காயம் என் முதுகில் இருக்கிறது. கொன்வென்டில் படித்த ஒரு பெண், பெற்ற பிள்ளைக்கானாலும், தன் முதுகைப் போன் வழியாக அனுப்பமாட்டாள்.

நமக்குள் பேசிய பேச்சு உனக்கு ஞாபகம் இருக்கும். இந்தக் காயம் ஆறும்வரை மம்மா ஒருவர் துணையும் இல்லாமல் சமாளித்துவிட்டால், தெஹிவளைக்கு வந்து உங்களோடு இருக்கும்படி இனிமேல் கேட்கமாட்டாய். சமாளிக்க முடியாவிட்டால் மாத முடிவில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவாய், இந்த வீட்டைப் பூட்டிவிடலாம். சொன்னது நீ, ஒப்புக்கொண்டது நான். ஆகவே நடந்ததை ஒழுங்காக அறியத் தருகிறேன்.

கிளினிக்கில் டொக்டர் கேதீசன் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். பார்க்க நேற்றுத்தான் மீசை முளைத்தவர் போல இருக்கிறார், ஆனால் கை நடுங்கவில்லை. ஊசி போட்ட பிறகு எனக்கு முதுகு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நான் செபமாலையில் இரண்டாவது பத்து மணிகளுக்கு வருவதற்குள், வலது தோளுக்குக் கீழே இருந்த மச்சத்தை வெட்டித் தையலும் போட்டு, பிளாஸ்டரும் ஒட்டிவிட்டார். பிறகு சொன்னார்: நாளைக்குப் பிளாஸ்டரைக் கழற்ற வேண்டும், சவர்க்காரமும் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவ வேண்டும், தேய்க்காமல் துவாயால் ஒற்ற வேண்டும், மெல்லிதாக வஸ்லின் பூசிப் புதுப் பிளாஸ்டர் போட வேண்டும். ஸ்பிரிட், டெட்டோல் ஒன்றும் ஊற்றக் கூடாது. இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும், நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்துப் பார்க்கக் கூடாது. காயத்தைக் காயவிட்டால் பொருக்குப் பிடிக்கும், பொருக்குப் பிடித்தால் ஆறுவது தாமதமாகும்.

நான் இரண்டு தரம் திருப்பிக் கேட்டேன். எங்களுக்கு முதலுதவி படிப்பித்த சிஸ்டர் பெனடிக்டா, காயம் காய வேண்டும், காற்றுப் பட வேண்டும் என்றுதான் சொல்லித்தந்தார். டொக்டரிடம் அதைச் சொன்னேன். "அது அந்தக் காலம் அன்டி" என்றார். தோலும் காற்றும் அதற்குப் பிறகு மாறியதாக எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மருந்து கட்டும் கிருசிகா என்ற மிஸ்ஸிதான், "உங்களுக்கு எட்டாது அன்டி, வீட்டில ஆர் இருக்காங்க?" என்று கேட்டாள். "வீட்டில் நான் இருக்கிறேன்" என்றேன்.

மறுநாள் குளித்துவிட்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, உன் டடி சவரம் செய்த சின்னக் கண்ணாடியைக் கையில் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் ஒரு நேரத்தில் முதுகின் ஒரு துண்டுதான் தெரியும், அதுவும் கை ஆடினால் கூரை தெரியும். கடைசியில் பிடித்துவிட்டேன். பிளாஸ்டரைக் காணவில்லை, குளிக்கும்போது கழன்று போயிருக்க வேண்டும். அந்த இடத்தில் கறுப்பாக, உருண்டையாக, கொஞ்சம் மேடாக ஒரு பொருக்கு. பொருக்கே பிடிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லி ஒரு நாள்கூட ஆகவில்லை. என் மனநிலையை நீ யோசித்துக்கொள். அது கண்ணாடியில் இடப்பக்கம் தெரிந்தது. ஆனால் கண்ணாடி வலதை இடமாகத்தான் காட்டும் என்று பௌதிக வகுப்பில் படித்தவள் நான், ஆகவே அது வலப்பக்கம் என்று உடனே விளங்கிக்கொண்டேன். நோவு மட்டும் வேறு இடத்தில் இருந்தது. நரம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாருக்குத் தெரியும்.

இனி வஸ்லின் பூசுவது. மேலால் கையைவிட்டால் எட்டவில்லை, கீழால் விட்டால் அதைவிடத் தூரம். உன் டடி இருந்த காலத்தில் என் கவுன்களுக்குப் பின்னால் சிப் போட்டுவிடுவது அவருடைய வேலை. அவர் போன பிறகு முன்னால் பொத்தான் வைத்துத் தைக்கக் கொடுத்தேன், அந்தப் பிரச்சினை தீர்ந்தது. முதுகை முன்னால் வைத்துத் தைக்க முடியாதே. ஆகவே குசினியில் இருந்த நீளக் காம்பு அகப்பையை எடுத்து, கொதிநீரில் போட்டு, அதன் தலையில் காயத்துக்குக் கட்டும் கோஸ் துணியைச் சுற்றி, வஸ்லினைத் தொட்டுப் பூசினேன். அகப்பையை இடப்பக்கம் கொண்டுபோனால்தான் வலப்பக்கத்தில் படுகிறது, கண்ணாடியின் குணம் அப்படி. பூசியதில் கொஞ்சம் தலைமயிரில் பட்டது, கொஞ்சம் அலுமாரிக் கண்ணாடியில் பட்டது, அதனால் அடுத்த நாள் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் முதலில் அதைக் கழுவ வேண்டி வந்தது.

பிளாஸ்டருக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒட்டும் பக்கம் வெளியே பார்க்கும்படி அறைக் கதவில் அதைப் பொருத்திவிட்டு, பின்பக்கமாக நடந்து போய் மோதினேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிழைத்துவிட்டது. அந்தக் கதவில் சரீப் கடையில் சும்மா தந்த நாட்காட்டி தொங்குகிறது, திகதி பார்ப்பதற்காக மட்டும் வைத்திருக்கிறேன். பிளாஸ்டர் என் முதுகுக்குத் தப்பி, பாதி அந்த நாட்காட்டித் தாளில் ஒட்டிக்கொண்டது எனக்குத் தெரியாது. நான் கவுனைப் போட்டுக்கொண்டு சப்பாத்து மாட்டுவதற்காகக் கதவில் சாய்ந்தேன். பிறகு பூசைக்குப் போனேன், வழக்கம்போல முன்வரிசையில் இருந்தேன், நற்கருணை வாங்கிக்கொண்டு நிமிர்ந்த நடையில் திரும்பினேன். பூசை முடிந்ததும் பாடகர் குழுவில் பாடும் நட்டாஷா பின்னால் ஓடி வந்து, "அன்டி, அசையாமல் நில்லுங்க, உங்கட முதுகில இராகுகாலம் ஒட்டியிருக்கு" என்றாள். எடுத்துப் பார்த்தால் இராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் இருந்தது. பூசை வைத்த சுவாமி வாசலில் நின்று, "பட்ரிசியா, நான் மதியத்துக்குப் பிறகு ஒரு பயணம் போகோணும், நேரம் எப்பிடி?" என்று கேட்டார்.

இதற்கிடையில் பொருக்கு உதிரவில்லை, இளகவும் இல்லை. காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவரும் ஆமினா உம்மா செவ்வாய்க்கிழமை வந்திருந்தா. நான் மரியாதையாக, என்னுடைய ஒரு சிநேகிதிக்கு என்று சொல்லி விசாரித்தேன்.

"அந்தச் சிநேகிதிக்கு இறால், கணவாய், கத்தரிக்காய் ஒண்டும் குடுக்காதீங்க" என்றா. "எல்லாம் கிரந்தி. புண் ஆறாது."

"டொக்டர் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்."

"டொக்டரா கறி ஆக்குற? முதுகுப் புண்ணுக்குப் பத்தியம் வேணும்கா."

முதுகென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீங்கதான் கதிரையில சாயாம ஈட்டி மாதிரிக் குந்தி இரிக்கீங்களே" என்று சொல்லிவிட்டுத் துணிமூட்டையை அவிழ்த்தா.

ஆகவே எனக்குக் குழப்பமாகிவிட்டது. டொக்டர் ஈரம் என்கிறார், சிஸ்டர் காற்று என்கிறார், ஆமினா உம்மா இறால் என்கிறா. ஒருவரையும் அவமதிக்கக் கூடாது என்று நினைத்து மூன்றையும் செய்தேன். காலையில் வஸ்லின் பூசி ஈரமாக வைத்தேன். மத்தியானம் பிளாஸ்டரை எடுத்துவிட்டு, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, குசினி யன்னலுக்கு முதுகைக் கொடுத்துக் காற்று வாங்கினேன். பின்னேரம் திரும்பவும் ஈரம். சாப்பாடு சோறும் பருப்பும். மீன்காரன் மணியடித்துக்கொண்டு போகும்போது நான் யன்னலைச் சாத்திவிடுகிறேன், வாவி இறாலின் வாசனை கிரந்தியில் சேர்த்தியா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

அந்த யன்னல்தான் வினையாகியது. பக்கத்து வீட்டு அன்னப்பூரணியின் முருங்கை மதிலுக்கு மேலால் சாய்ந்து என் கிணற்றடி முழுக்க மசுக்குட்டிப் புழு கொட்டியதிலிருந்து, அவளோடு எனக்குப் பேச்சில்லை என்பது நீ அறிந்தது. நேற்று அவள் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"அக்கா, அகப்பையால முதுகு சொறியிறதெண்டா சொல்லுங்க, நான் வாறன்."

"நான் சொறியவில்லை. இது சிகிச்சை."

"சிகிச்சையெண்டா ஒரு ஆளெல்லோ வேணும். அகப்பைக்குக் கண் இருக்கா?"

"என் வீட்டு அகப்பையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

"கவலை அகப்பையில இல்லக்கா. வழுக்கி விழுந்து கிடந்தா மறுகா நான்தானே ஏர்லுக்குப் போன் எடுக்கோணும்."

மகன், உன் போன் நம்பர் அவளிடம் எப்படிப் போனது என்று எனக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும்.

எப்படியோ, முடிவைச் சொல்கிறேன். சிவப்புப் பரவவில்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. பொருக்கை அகப்பையால் அழுத்தினாலும் துளி நோவு கிடையாது. தையல் இருந்த அடையாளமே தட்டுப்படவில்லை, அவ்வளவு அழகாக ஆறிவிட்டது. பொருக்கு மட்டும் நிற்கிறது, ஆனால் நல்ல மினுமினுப்பாக நிற்கிறது. நான் ஒருவர் கையும் படாமல் சமாளித்துவிட்டேன். மாத முடிவில் நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கூட்டிப் போக வர வேண்டாம், சாப்பிட வாருங்கள். அதற்குள் எனக்கு இறால் சாப்பிட அனுமதி கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் கையால் காக்கட்டும். தானியா அலுவலகத்திலிருந்து பிந்தி வந்தாலும் சூடாக எதையாவது சாப்பிடட்டும். நீ முடியை வெட்டிக்கொள்.

உன்மேல் அன்பு மாறாத,
மம்மா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முதல் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நீ வரும்போது பொருக்கு இருக்கக் கூடாது என்று நினைத்து, இன்று குளிக்கையில் காய்ந்த பீர்க்கங்கூட்டை நீளத் துணியில் கட்டி, முதுகின் குறுக்கே கொஞ்சம் பலமாகவே இழுத்துத் தேய்த்தேன். மெதுவாகக் கழுவச் சொன்னது எனக்குத் தெரியும். பிறகு தபாலுக்குப் போவதற்குக் கேற்றைத் திறந்தபோது அன்னப்பூரணி ஒழுங்கையில் நின்றாள். "அக்கா, கவுனில ரத்தம்" என்றாள். என் அனுமதி கேட்காமல் என்னை உள்ளே கூட்டிவந்து, கவுனை இறக்கி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது என்னக்கா, இந்தப் பக்கம் மச்சத்துக்கு எண்ணெய் வைச்சு வளத்திருக்கீங்க. புண் மற்றப் பக்கமெல்லோ கிடக்கு."

மகன், என் முதுகில் இரண்டு மச்சம் இருந்திருக்கிறது. இந்த வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. உன் டடி ஒருநாளும் சொன்னதில்லை, அவர் நல்ல மனுஷன், தேவையில்லாததைச் சொல்லமாட்டார். இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தால் இடது இடதாகவே தெரியும் என்று பௌதிக வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. கிளினிக்கில் ஒட்டிய பிளாஸ்டர் தோல் நிறத்தில் இருந்ததால் கண்ணாடியில் எனக்குப் பிடிபடவே இல்லை, அது இவ்வளவு நாளும் அப்படியே இருந்து, இன்று பீர்க்கங்கூடு பட்டுப் பாதி கழன்று, ஒரு தையலும் இழுபட்டுப் போயிருந்தது. நான் அன்னப்பூரணியிடம் சுத்தத் துணியைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அவள் நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தாள். எடுக்கக் கூடாது என்றேன். "பாக்காம எப்பிடிக்கா தெரியும்?" என்றாள். தெரிய வேண்டியதில்லை, பிடி என்றேன். பிறகு மஞ்சள் வைப்போமா என்றாள், அதற்கும் இல்லை என்றேன். எனக்குத் தெரியும், ஆனால் கை எட்டாது. அவளுக்கு எட்டும், ஆனால் ஒன்றும் தெரியாது. இரத்தம் நின்றது.

ஓட்டோவில் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் நெடுநேரம் பார்த்தார். காயம் கெட்டுப் போகவில்லை, கழுவிப் புதிதாகக் கட்டினார், இனி நாளாந்தம் ஒருவர் கழுவிக் கட்ட வேண்டும் என்றார். மற்றது நல்ல மச்சம்தானாம். பிளாஸ்டரை இழுத்து இழுத்து அதைச் சுற்றித் தோல் சிவந்திருப்பதால், அதை ஒன்றும் செய்யாமல் விடுவதுதான் அதற்கு மருந்தாம். இறாலும் சாப்பிடலாமாம்.

ஆகவே ஒருவர் கையும் படாமல் சமாளித்தேன் என்று மேலே எழுதியது பொய். வெட்டினால் கடிதம் அழுக்காகும், அதனால் விட்டிருக்கிறேன், நீ வாசிக்கும்போது வெட்டிக்கொள். பேச்சில் நான் தோற்றுவிட்டேன். ஆனால் நன்றாக யோசித்துப் பார். தெஹிவளையில் நீயும் தானியாவும் விடிய வெளிக்கிட்டால் இருட்டித்தான் வீட்டுக்கு வருகிறீர்கள். பகல் முழுக்க ஏழாம் மாடியில் என் முதுகும் நானும் மட்டும் இருந்து என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட உனக்குத் தெரியாது. மாத முடிவில் வா, ஆனால் நான் பெட்டி அடுக்கமாட்டேன்.

அன்னப்பூரணி நாளையிலிருந்து கட்ட வருகிறேன் என்றாள், இன்றைக்கே பழகிப் பார்க்க வேண்டும் என்று இப்போது குசினிக்குள் நிற்கிறாள். கை கழுவிவிட்டேன் என்கிறாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சவர்க்காரம் போட்டாளா என்று எழும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.