இல்லாத வீதியில் பதின்மூன்று அங்குலம்

மனித குலத்தின் முதற்பெரும் சாதனை சக்கரத்தைக் கண்டுபிடித்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டாவது சாதனை இன்னும் பாடப்புத்தகத்தில் ஏறவில்லை. அந்தச் சக்கரத்தைப் பதின்மூன்று அங்குலம் மேலும் கீழும் போய்வரச் செய்ததுதான் அது. சென்ற வருடம் பல்லேகலயில், நபீலின் கராஜில், என்னுடைய டபள் கெப் வண்டியின் முன்பக்கத்தில் அது நிகழ்ந்தது. அடக்கம் கருதி நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. கெப்பைப் பார்த்தவர்களிடம் மட்டும் சொன்னேன். பார்க்காதவர்களை அழைத்துப்போய்க் காட்டிவிட்டுச் சொன்னேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். கரடுமுரடான பாதையில் முன்சக்கரம் பள்ளம் வந்தால் கீழே தொங்க வேண்டும், கல் வந்தால் மேலே மடங்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் எங்கள் வட்டாரத்தில் 'வீல் ட்ரவல்' என்போம். கெப்பைச் செய்த கம்பனி எனக்குக் கொடுத்தது ஏழு அங்குலம். ஏழு அங்குலத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படிக் கௌரவமாக வாழ்வது? நபீல் முன்பக்கத்து இரும்புக் கைகளைக் கழற்றிவிட்டு நீளமானவற்றைப் பொருத்தினார். ஸ்பிரிங் மாறியது, ஷொக் அப்சோபர் மாறியது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் குழாய் எட்டவில்லை என்று அதையும் நீளமாகப் போட்டார். பெரிய டயர்களும் ஏறின. கெப் ஒரு முழம் வளர்ந்துவிட்டது. கண்டி நகரத்தில் எந்த வாகனத் தரிப்பிடத்துக்குள்ளும் அது இப்போது நுழையாது.

"இனி ஒரு வீல் குழிக்குள்ள முழுசா எறங்கினாலும் மத்தது மண்ண விடாது சேர்," என்றார் நபீல். "ஒண்டு கேக்கணும். இத எந்தப் பாதையில ஓட்டப் போறீங்க?"

"ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதை. மூணு மைல். பாதைய விடக் குழிதான் கூட."

"அந்தப் பாதையச் செய்ற கவர்மெண்ட் கந்தோர் எது?"

"எங்க கந்தோர்தான்."

"கந்தோர்ல ஆரு அதப் பாக்குறது?"

"நான்தான்."

நபீல் கையைத் துணியில் துடைத்தார். "அப்ப பாதையச் செஞ்சிருந்தா இவ்வளவு வேல இல்லையே சேர்," என்றார். நல்ல மெக்கானிக். நிர்வாகம் தெரியாது.

நிர்வாகம் என்னவென்று நான் சொல்கிறேன். நான் ஒரு பிரதேச சபையின் வீதிப் பிரிவில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். பழைய தமிழில் கிளாக்கர். மேற்படி பாதை, தார் முடிகிற இடத்திலிருந்து மேல் டிவிசன் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போகிறது. அந்த லயத்தில்தான் நான் பிறந்தேன். என் அக்கா இராஜகுமாரி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பாதை சபைக்குச் சொந்தம் என்று தோட்டம் சொல்லும். தோட்டத்துக்குச் சொந்தம் என்று சபை சொல்லும். நான்கு வருடமாக லயத்து ஆட்கள் வருடத்துக்கொரு மனு அனுப்புகிறார்கள். 'தாங்கள் குறிப்பிடும் வீதி இச்சபையின் பதிவேட்டில் இல்லை என்பதைத் தயவுடன் அறியத் தருகிறேன்' என்று நான் வருடத்துக்கொரு பதில் அனுப்புகிறேன். 'தயவுடன்' என்பது என் சொந்தச் சேர்க்கை.

பதிவேட்டில் ஒரு வீதியை ஏற்றுவதற்கு ஒரு பக்கப் படிவம் போதும். அது என் மேசை லாச்சியில் இருக்கிறது. ஏற்றினால் சபை கல் போடும். கல் போட்டால் பின்னால் கொங்கிறீட் வரும். கொங்கிறீட் வந்த பிறகு பதின்மூன்று அங்குலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? யோசித்துப் பாருங்கள், உங்களுக்கே மனம் வராது.

எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு: 'மலைநாட்டுக் கரடுபாதை வாகன ஆர்வலர் சங்கம்'. பல் வைத்தியர்கள், வங்கி மனேஜர்கள், ஒரே ஒரு கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாதையில் ஏறுவோம். முதல்நாள் தலைவர் இறங்கி நின்று குழிகளைப் பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது. "மிஸ்டர் தியாகராஜா, இந்தக் காலத்துல இப்படி ஒரு பாதைய எப்படிக் காப்பாத்தி வச்சிருக்கீங்க?"

"எல்லாம் கூட்டு முயற்சி," என்றேன்.

புரட்டாதியில் அக்கா போன் எடுத்தாள். அவளுடைய மகள் சுதர்சினிக்கு அது முதல் பிரசவம்.

"தம்பி, புள்ளைக்கு நாள் நெருங்கிருச்சு. அம்புலன்ஸ்காரன் தார் முடியிற எடத்துலயே நின்னுக்குவேன்னு சொல்றான். ரெண்டு லோட் கல்லாவது கொட்டச் சொல்லேன்."

"கல்லு எதுக்குக்கா? நான் கெப்பக் கொண்டாறேன்."

"கெப் வேணாம்யா. ரோடு வேணும்."

"கெப் இருக்கப்ப ரோடு எதுக்கு?"

அக்கா போனை வைத்துவிட்டாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போனாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு காலை, நல்ல மழை. சுதர்சினியின் புருஷன் ரமேஸ் போன் எடுத்து வலி கண்டுவிட்டது என்றான். அரைநாள் லீவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். அந்த மூன்று மைலை நான் எப்படி ஏறினேன் என்பதை வருங்காலச் சந்ததி அறிய வேண்டும். இடது சக்கரம் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது, வலது சக்கரம் பாறைமேல் ஏறியது, நடுவில் நான் கதிரையில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது நிமிடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகளை நினைத்து அல்ல, இடது சக்கரத்தை நினைத்து.

லயத்து வாசலில் கெப்பை நிறுத்திக் கதவைத் திறந்தேன். சுதர்சினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கதவின் படி அவள் இடுப்புக்கு இருந்தது.

ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார்கள். அதில் ஒரு காலை வைத்தாள். வலி வந்தது. காலை இறக்கிவிட்டாள்.

"மாமா, என்னால ஏற முடியாது."

ரமேஸ் தூக்கிப் பார்த்தான். அவள் கத்திய கத்தலில் கீழே இறக்கிவிட்டான். சக்கரம் எவ்வளவு கீழே இறங்கும் என்று நான் நபீலிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். கதவு எவ்வளவு இறங்கும் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

"கம்பளிய எடுங்க," என்றாள் அக்கா. யோசிக்கவே இல்லை அவள். நாலு பேர் கம்பளியின் நாலு முனையையும் பிடித்தார்கள். எங்கே கால் வைப்பது, எங்கே தோள் மாற்றுவது என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் முன்னால் நடந்தார்கள். நான் கெப்பில் பின்னால் போனேன், நான்கு மூலை விளக்கையும் மினுக்கிக்கொண்டு.

பாதை இரண்டாவது தடவை வளைகிற முடக்கில் கம்பளியை இறக்கிவிட்டார்கள். அதற்குமேல் போக நேரமில்லை. "தம்பி, வண்டியக் குறுக்க நிப்பாட்டு, சாரல் அடிக்குது," என்றாள் அக்கா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணிகளை அவிழ்த்துக் கெப்பின் கம்பியில் கட்டி மறைத்தார்கள். நான் மறுபக்கம் திரும்பி நின்றேன். அந்த அரைமணி நேரம் எனக்கு ஒரு அங்குலமும் ஞாபகம் வரவில்லை. அவள் செத்துப்போவாள் என்று பயந்தேன்.

ஆண் குழந்தை. இருவரும் சுகம். மறுபடி கம்பளி, மறுபடி நடை, தார் முடியும் இடத்தில் அம்புலன்ஸ். அடுத்த சங்கக் கூட்டத்தில் 'ஒரு பிரசவத்துக்குச் சங்கத்தின் பங்களிப்பு' என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிள்ளை எங்கள் வாட்டில் பிறக்கவில்லை, பிறந்த இடத்தில் பதியுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ரமேஸ் பொய் சொல்லத் தெரியாதவன். பதிவாளரிடம் போய், பிறந்த இடம் 'மேல் டிவிசன் வீதி, இரண்டாம் முடக்கு' என்று சொல்லியிருக்கிறான். பதிவாளர் அப்படியொரு வீதியைத் தேடினார். கிடைக்கவில்லை. அவரும் கடமை தவறாதவர். 'குழந்தை பிறந்ததாகக் கூறப்படும் வீதி தங்கள் பதிவேட்டில் உள்ளதா என உறுதிப்படுத்தவும்' என்று சபைக்கு எழுதிவிட்டார். கடிதம் முத்திரை குத்தப்பட்டு உரிய உத்தியோகத்தரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதாவது என் மேசைக்கு.

அடுத்த நாள் அக்கா கந்தோருக்கு வந்தாள். எதிரில் உட்காரச் சொன்னேன்.

"இருக்குன்னு எழுத வேண்டியதுதானே தம்பி."

"இருக்குன்னு எழுதினா, நாலு வருஷமா இல்லைன்னு எழுதினது யாருன்னு கேப்பாங்கக்கா."

"அப்ப இல்லைன்னு எழுதப் போறியா?"

"இல்லைன்னு எழுதினா புள்ள எங்கயுமே பொறக்கலைன்னு ஆயிரும்."

அக்கா என் மேசையைப் பார்த்தாள். பேனா, முத்திரை, கோப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்பாகிட்டயும் இப்பிடித்தான், நீ எங்க பொறந்தன்னு எழுத்துல காட்டச் சொன்னாங்க. பிரஜாவுரிமைக்கு. சாகுற வரைக்கும் அவரால காட்ட முடியல. அப்ப கேட்டவன் யாரோ. இப்ப கேக்குறது நீ."

தேநீர் வரவழைத்தேன். குடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

உணர்ச்சிவசப்படாமல் கடமையைச் செய்பவனே அரசாங்க ஊழியன். நான் அன்றைக்கே பதில் எழுதினேன். இருக்கிறது என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. 'மேற்படி விடயம் பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினேன். எவரும் குறை கண்டுபிடிக்க முடியாத கடிதம் என்று செயலாளரே பாராட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தாரோடு அந்த இரண்டாவது முடக்கைத் தாண்டுகிறேன். சக்கரம் மண்ணை விடுவதே இல்லை.

பையனுக்கு இப்போது ஐந்து மாதம். குப்புற விழுகிறானாம், ஆளைப் பார்த்துச் சிரிக்கிறானாம். அவன் பிறந்துவிட்டானா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.