அரைக் கிலோ வீரம்

ஒரு மனிதனுக்குத் துப்பாக்கி எதற்கு? திருடனை விரட்ட, எதிரியை மிரட்ட என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அந்த மாதிரி சில்லறை ஆசைகள் கிடையாது. எனக்கு வேண்டியது என் பெயர்.

என் பெயர் சின்னசாமி. இது என் ஆதார் அட்டைக்குத் தெரியும். மண்ணூர்பேட்டையில் நான் சூப்பர்வைசராக இருக்கும் போல்ட் கம்பெனிக்குத் தெரியும். அயனம்பாக்கத்தில் நான் பிறந்து, வளர்ந்து, ஐம்பத்து நான்கு வருஷமாகக் குடியிருக்கும் தெருவுக்குத் தெரியாது. அங்கே நான் சாமுண்டீஸ்வரி வீட்டுக்காரர். அவ்வளவுதான். போன வருஷம் கூரியர்காரர் வந்து சின்னசாமி வீடு எது என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு கஜபதி, முப்பது வருஷமாக என்னோடு டீ குடிக்கும் கஜபதி, “அப்டி யாரும் இந்தத் தெருவுல இல்லியே நைனா” என்று திருப்பி அனுப்பிவிட்டான். எனக்கு வந்த புது மூக்குக் கண்ணாடி வந்த வழியே போயிற்று. பழையது ஏற்கெனவே உடைந்துவிட்டது. இந்தக் கண்ணாடி விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரிக்குள் கட்டட இடிபாடுகளைக் கொட்ட வந்த லாரிக்கு முன்னால் குறுக்கே நின்றவள் அவள். போட்டோ எடுத்தாள், புகார் கொடுத்தாள், கோர்ட்டில் சாட்சி சொன்னாள். அவள் சாட்சி சொன்ன மறுநாள் எனக்கு ஒரு போன் வந்தது.

“ஹலோ, சாமுண்டீஸ்வரி ஊட்டுக்காரரா?”

“நான் சின்னசாமி.”

“அட, ராங் நம்பரா?”

“இல்ல, இல்ல. அவருதான்.”

“லாரி வேம்புலி பேசறேன். உங்க ஊட்டம்மாகிட்ட சொல்லி வையி. இதுக்கு மேல ஏரிப் பக்கம் வந்தா நல்லா இருக்காது.”

“பக்கத்துலதான் கீது. போன குடுக்கறேன், நீயே சொல்லேன்.”

“வாணாம், வாணாம். நீயே சொல்லிடு.” வைத்துவிட்டான்.

மிரட்டுகிறவனுக்குக்கூட என் பெயர் தேவைப்படவில்லை. அந்த நிமிஷம் முடிவு செய்தேன். மிரட்டல் வந்தவனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்கும். துப்பாக்கி வந்தால் பெயர் வரும். துப்பாக்கி சின்னசாமி. சொல்லிப் பார்த்தேன், வாய் நிறைந்தது.

“சாமுண்டி, நான் துப்பாக்கி வாங்கப் போறேன்.”

அவள் வெங்காயத்திலிருந்து நிமிரவில்லை. “இன்னாத்துக்கு?”

“உன்ன காப்பாத்த.”

“மொதல்ல அந்தக் கொசு பேட்டால ஒரு கொசுவ அடிச்சிக் காட்டு.”

“கொசு பறக்குது. வேம்புலி பறக்க மாட்டான்.”

“யோவ், நீ தீபாவளிக்குச் சரவெடி வெச்சா ரெண்டு ஊடு தள்ளிப் போயி நிக்கற ஆளு.”

“இந்த வாட்டி நான் மாற மாட்டேன். யார் சொன்னாலும் சரி.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி, அப்ளிகேஷன் போட்டுடலாம்” என்றாள்.

இருபத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் நான் கேட்டு அவள் உடனே சரி என்றது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எங்கள் மகள் நிஷா சாப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவள்தான் படிவத்தை நிரப்பி, அச்செடுத்து, “அப்பா, இங்க ஒரு கையெழுத்து” என்று விரலை வைத்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் கண்ணாடி இல்லாத விஷயம் தெரிந்துவிடும். கம்பீரமாகப் போட்டேன்.

லைசென்ஸ் வருவதற்குள் சரக்கைப் பார்த்து வைப்போமே என்று கஜபதியைக் கூட்டிக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். முதலில் ஒரு பெரிய கைத்துப்பாக்கியை எடுத்து என் இடுப்பில் செருகிக் காட்டினார் கடைக்காரர். ஒரு கிலோவுக்கு மேல் கனம். அது என் இடுப்பில் நின்றது. பேண்ட் நிற்கவில்லை.

“எடை கம்மியா ஏதாச்சும் கீதா?” என்றேன், பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு.

அரக்கு நிறத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். நகைப் பெட்டி என்றுதான் நினைத்தேன். வெல்வெட் மெத்தையில் குட்டியாக ஒரு ரிவால்வர் படுத்திருந்தது. அரைக் கிலோதான். கைக்குள் அடங்கியது. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

“இது லேடீஸுக்காகச் செஞ்சது சார். ஹேண்ட்பேக்ல வெச்சிக்கற மாதிரி.”

கஜபதி சிரிக்க ஆரம்பித்தான். “மாமே, இதுக்கு மேட்சா வளையல் குடுப்பாங்களா?”

“சிரிக்காதீங்க சார்” என்றார் கடைக்காரர். “இத வாங்கறவங்க பத்துல எட்டு பேரு ஆம்பளைங்கதான். எல்லாரும் வீட்டம்மாவுக்குன்னு சொல்லுவாங்க. அடுத்த வாரம் அவங்களே இடுப்புக்கு உறை வாங்க வருவாங்க.”

அந்த எட்டு பேரும் என் அண்ணன் தம்பிகள் என்று மனசுக்குள் கும்பிட்டேன். உறையை அன்றைக்கே வாங்கிவிட்டேன். இது ஆபீசர் மாடல் என்றுதான் வெளியே சொல்ல வேண்டும் என்று கஜபதியிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். அடித்தது என் தலையில்தான். அவன் தலையில் அடித்து வாங்கியிருக்கலாம்.

அடுத்து போலீஸ் விசாரணை. ரேணுகா என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். சாமுண்டியிடம் முக்கால் மணி நேரம் பேசினார். தேதி வாரியாக அவள் வைத்திருந்த ஃபைலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். என் குணத்தைப் பற்றித்தான் துருவித் துருவி விசாரிக்கிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“குடிப்பீங்களா?”

“இல்ல மேடம்.”

“கோபம் வருமா?”

“வந்தாலும் ஊட்டுல காட்ட மாட்டேன் மேடம்.”

“வீட்டம்மா சொன்னா கேப்பீங்களா?”

இது என்ன கேள்வி என்று தோன்றியது. ஆனாலும் உண்மையைச் சொன்னேன். “கேப்பேன் மேடம்.”

“ரொம்ப நல்லது” என்று டிக் அடித்தார். “துப்பாக்கி எப்பவும் பூட்டியே இருக்கணும். எங்க வைப்பீங்க?”

“பீரோவுக்குள்ள லாக்கர் கீது மேடம்” என்றாள் சாமுண்டி. “சாவி என் இடுப்புல.”

பயிற்சிக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். சாமுண்டி ஆறு குண்டில் ஐந்தை வட்டத்துக்குள் போட்டாள். நானும் ஆறு சுட்டேன். என் குண்டுகள் எங்கே போயின என்று பயிற்சி கொடுத்தவர் வெகுநேரம் தேடினார். என் துப்பாக்கிக்கு இவளுக்கு எதற்குப் பயிற்சி என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் லைசென்ஸ் புத்தகம் வந்தது. அதற்குள் எனக்குப் புதுக் கண்ணாடியும் வந்திருந்தது. ஆசையாகத் திறந்தேன். முதல் பக்கத்தில் சாமுண்டீஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள். உரிமம் பெற்றவர், சாமுண்டீஸ்வரி. அதற்குக் கீழே, தபால் தலை அளவுக்கு என் படம். ரீட்டெய்னர், சின்னசாமி.

“ரீட்டெய்னர்னா?”

“என் துப்பாக்கிய எனக்காகத் தூக்கிகினு வர்ற ஆளு” என்றாள் சாமுண்டி.

“அப்ப என் லைசென்ஸ்?”

“மெரட்டல் வந்தது யாருக்கு? சாட்சி சொன்னது யாரு? சேதி வாங்கனதுக்கெல்லாம் லைசென்ஸ் குடுப்பாங்களாய்யா?”

“நான் கையெழுத்து போட்டேனே?”

“போட்ட. மேல இன்னா எழுதியிருந்துச்சின்னு படிச்சியா?”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இத்தனை நாளும் தெருவுக்குத்தான் நான் சாமுண்டீஸ்வரி வீட்டுக்காரர். இப்போது அரசாங்கமே முத்திரை குத்திவிட்டது. அழுதிருப்பேன், நிஷா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் நான் தீர்மானத்தில் தளரவில்லை. யார் பேரில் இருந்தால் என்ன, சுமக்கப் போவது நான். கடைக்குப் போனோம். அவள் நேராக அந்த அரக்குப் பெட்டியைக் காட்டினாள்.

“ஆம்பள தூக்கற மாதிரி பெருசா ஒண்ணு எடேன்” என்று முனகினேன்.

“நீயே இத்த பாத்துதான ஆசப்பட்ட? ஆபீசர் மாடலாமே. கஜபதி அண்ணன் சொன்னாரு.”

என் உறையும் வீணாயிற்று. வெளியே தொங்கவிட்டால் ஜனங்கள் பயப்படுவார்களாம். பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பூட்டி, அதை அவளுடைய கத்தரிப்பூ கலர் ஹேண்ட்பேக்கில் போட்டு என் தோளில் மாட்டிவிட்டாள். சாவி அவள் இடுப்பில். அவள் முன்னால் நடப்பாள், மூன்றடி பின்னால் நான். நடக்கும்போது பெட்டிக்குள் சரசர என்று ஒரு சத்தம் வரும். குண்டுகள் உரசுகின்றன என்று கஜபதிக்கு விளக்கிச் சொன்னேன். அவன் இரண்டடி தள்ளி நடந்தான்.

இரண்டு மாதம் கழித்து அந்த நாள் வந்தது. ஏரிக்கரையில் மறுபடியும் லாரி நிற்கிறது என்று தகவல் வந்து ஓடினோம். பின்னாலேயே கஜபதியோடு தெருவே வந்தது. வேம்புலியே நேரில் நின்றான். சாமுண்டி லாரிக்கு முன்னால் போய் நின்றாள். நானும் அவள் பக்கத்தில் போய் நின்றேன். பையிலிருந்து பெட்டியை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி பிடித்துக்கொண்டேன்.

“இன்னாது அது?” என்றான் வேம்புலி.

“துப்பாக்கி” என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

அவன் பெட்டியைப் பார்த்தான், என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். “யோவ், இது பொம்பளைங்க துப்பாக்கிய்யா.”

“ஆமா” என்றாள் சாமுண்டி. “என்னுதுதான். சாவி இங்க கீது. பொட்டிய இப்டி குடுய்யா.”

அவள் இடுப்பில் கை வைத்தாள். வேம்புலியின் சிரிப்பு பாதியில் நின்றது. டிரைவருக்கு ஒரு சைகை காட்டினான். லாரி கொட்டாமலே பின்னால் நகர்ந்து, திரும்பி, பூந்தமல்லி சாலைப் பக்கம் போயே போய்விட்டது.

அன்று சாயந்தரம் நான் தெருவில் நடந்தபோது டீக்கடையிலிருந்து கஜபதி எழுந்து நின்றான். “வா, துப்பாக்கி சின்னசாமி.” மளிகைக் கடை ராணியும் அதையே சொன்னாள். எதிர் வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் வந்து, சின்னசாமி சார் நீங்கள்தானே என்று கேட்டார்கள். ஐம்பத்து நான்கு வருஷம் காத்திருந்த பெயர். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவை காதில் விழும்போதும் மெய்சிலிர்த்தேன். அரைக் கிலோ இரும்புக்கு இத்தனை மகிமையா என்று பெட்டியைத் தடவிக் கொடுத்தேன்.

அப்போது சமையலறையிலிருந்து சாமுண்டீஸ்வரி, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“துப்பாக்கி சின்னசாமி, அந்தப் பொட்டிய எடுத்துகினு வாய்யா. கொழம்புக்கு உப்பு தீந்துபோச்சி, அதுல அரைக் கிலோ கீது.”