கட்டாக்காலி மாடும் என் வலது கையும்

அரசியலில் வாயால் கெட்டவர்களே அதிகம் என்பார்கள். நான் கையால் கெட்டவள். (கை நீட்டி வாங்கிக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுத்து வாங்கும் அளவுக்கு என்னை யாரும் மதித்ததில்லை.)

குடாநாட்டின் பிரதேச சபைகளில் ஒன்றில் நான் உறுப்பினர். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். எங்கள் குடும்பம் இன்னும் அந்த வீதியால்தான் போய்வர வேண்டியிருக்கிறது. தொழில் தையல். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை, இரண்டு மெசின், சட்டை தைக்கக் கொடுத்துவிட்டுக் கலியாணத்துக்கு முதல்நாள் வந்து சண்டை பிடிக்கும் ஒரு கூட்டம். நிம்மதியாகத்தான் இருந்தேன்.

தேர்தல் நேரம் அத்தான் கடைக்கு வந்தார். அத்தான் என்றால் அக்காவின் கணவர், கட்சியின் தலைமை வேட்பாளர்.

"பிள்ளை, இதிலை ஒரு கையெழுத்துப் போடு."

"என்னத்துக்கு அத்தான்?"

"பட்டியலிலை பொம்பிளையளின்ரை பேர் காணாதாம். சும்மா பேருக்குத்தான். நீ வரமாட்டாய், பயப்பிடாதை."

அந்தத் தேர்தலில் எனக்குத் தரப்பட்ட ஒரேயொரு வாக்குறுதி அது. அதையும் அத்தான் காப்பாற்றவில்லை. ஏதோ விகிதாசாரக் கணக்கில் எங்கள் பக்கம் ஒரு பெண் குறைய, என் பெயர் அரசாங்க வர்த்தமானியில் வந்துவிட்டது. அத்தான் சபைக்குத் தலைவர், அதாவது தவிசாளர். நான் கௌரவ உறுப்பினர். வீட்டில் இவர் (என் வீட்டுக்காரர்) மட்டும் அந்தக் 'கௌரவ'வை ஒரு நாளும் பாவிக்கவில்லை.

எங்கள் சபை மேல்மாடியில் கூடுகிறது. அதனால் ஊரில் அதை மேல்சபை என்பார்கள். கீழ்ச்சபை என்பது வாசலுக்கு எதிரே இருக்கும் தவம் அண்ணையின் தேத்தண்ணிக் கடை. மேலே நாங்கள் நிறைவேற்றுகிற எந்தத் தீர்மானமும் கீழே வடையோடு இரண்டாம் வாசிப்புக்குப் போகும். பெரும்பாலும் அங்கேதான் தோற்கும்.

முதல் வருடம் முழுக்க நான் சபையில் சொன்னது ஒரே சொல்: "வழிமொழிகிறேன்." அத்தானின் பக்கம் கை உயர்ந்தால் நானும் உயர்த்துவேன், இறங்கினால் இறக்குவேன். மிச்ச நேரத்தில் மடியில் துணியை வைத்துக் கொக்கி தைப்பேன். என்னைப்போல ஒழுங்கான உறுப்பினர் உலகில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் யாரோ வேலைவெட்டி இல்லாத ஒரு புண்ணியவான், உறுப்பினர்கள் எப்படி வாக்களித்தார்கள், என்னென்ன கேள்வி கேட்டார்கள் என்று விசாரித்து முகநூலில் போட்டுவிட்டான். என் பெயருக்கு நேரே: வரவு, முழுமை. வாக்கு, எப்போதும் தவிசாளர் பக்கம். கேள்விகள், பூச்சியம். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இவவுக்குப் பதிலா அந்தக் கதிரையிலை ஒரு றப்பர் முத்திரையை வைச்சால் ஃபான் செலவாவது மிச்சம்."

அந்தக் கருத்துக்கு விழுந்த முதல் விருப்பக்குறி இவருடையது. (விரல் தவறிப் பட்டுவிட்டதாம். இன்றுவரை அதே கதைதான்.)

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்டே தீருவது என்று முடிவெடுத்து, எப்படிக் கேட்பது என்று படிக்கத் தொலைக்காட்சியில் பாராளுமன்றத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அங்கே அழகான ஒரு முறை இருந்தது. முதலில் "(அ) இன்ன விடயத்தை அமைச்சர் அறிவாரா?" என்பார்கள். பிறகு "(ஆ) இன்றேல், ஏன்?" என்பார்கள். அந்த "இன்றேல், ஏன்?" எனக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. வீட்டில் பயிற்சி எடுத்தேன்.

"(அ) சீனி முடிந்துவிட்டது என்பதை நீங்கள் அறிவீர்களா? (ஆ) இன்றேல், ஏன்?"

இவர் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை. "பதிலளிக்க அமைச்சர் இரண்டு கிழமை அவகாசம் கோருகிறார்" என்றார். அவரும் என்னோடு சேர்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கேள்விக்கு விடயம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கிழமைதான் கடை வாசலில் கொழுவியிருந்த ஒரு மணப்பெண்ணின் சட்டையை மாடு தின்றிருந்தது. கல்லுவேலை செய்த சட்டை. வலது கை முழுக்கப் போய்விட்டது. சத்தம் கேட்டு நான் வெளியே ஓடிவர, ஒரு வால் மட்டும் பக்கத்துச் சின்ன ஒழுங்கைக்குள் திரும்பி மறைந்தது. ஊரில் கட்டாக்காலி மாடுகள் பெரிய தொல்லை. நடுவீதியில் படுத்துக் கிடக்கும். மோட்டார்சைக்கிள்காரர் விழுவார்கள். சபை ஏதோ செய்யும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா?

அந்த மாதக் கூட்டம் பாதீட்டுக் கூட்டமாக அமைந்தது. அடுத்த வருடச் செலவுத் திட்டத்துக்கு வாக்கெடுப்பு. எங்கள் பக்கத்துக்கு ஒரேயொரு வாக்குத்தான் கூட. காலையிலேயே அத்தான் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, நேரத்துக்கு வந்து இரு. நீ வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லை."

"பாதீடு முடிஞ்சாப் பிறகு ஒரு கேள்வி கேப்பன் அத்தான்."

"அட! கேள், கேள். வடிவாக் கேள்." மனுசனுக்குச் சந்தோசம்.

போய் இருந்தேன். மற்றவர்கள் பாதீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் கண்ணை மூடிக் கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் செயலாளர் பூனைபோலக் கதைக்கிற மனிதர். எங்கள் ஃபானோ நெல் குத்தும் ஆலைபோலக் கதைக்கிற ஃபான். (அ)வை முடித்து (ஆ)வுக்கு வந்தபோது கண்ணைத் திறந்தேன். எங்கள் பக்கத்துக் கைகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. என்னத்துக்கு உயர்த்தினார்கள் என்று யோசிப்பதற்குள் செயலாளர் ஏதோ கேட்டார். என் காதில் விழுந்தது கடைசித் துண்டு மட்டும்: "...பவர்கள்?"

கேள்வி கேட்பவர்கள்! சடாரென்று கையை உயர்த்தினேன்.

எதிரே பார்த்தால் எதிர்க்கட்சி முழுக்கக் கை உயர்த்தி நிற்கிறது. இன்றைக்கென்று பார்த்து இத்தனை பேருக்கும் கேள்வியா, என் முறை தவறிவிடுமே என்று இன்னும் எக்கி உயர்த்தினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். சிரிக்கவும் செய்தேன்.

செயலாளர் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பிறகு யாரோ செத்த வீட்டில் நிற்பவர்போல அத்தானைப் பார்த்தார். சொல்லத் தேவையில்லை, அவர் கேட்டது "எதிர்ப்பவர்கள்?" என்றுதான்.

"பிள்ளை," என்றார் அத்தான் மெதுவாக, "உதென்ன கை?"

"கேள்வி கேக்கப் போறன் அத்தான்."

எதிர்க்கட்சித் தலைவர் சிவகுரு ஐயா கதிரையை விட்டு எழும்பினார். பழைய வழக்கறிஞர். அவர் எழும்பினாலே கதிரை விழும். விழுந்தது. "உயர்ந்த கை உயர்ந்ததுதான்! எண்ணியாச்சு! பாதீடு தோத்துப்போச்சு!"

அந்த இடத்தில் புத்தியுள்ள ஒருத்தி என்ன செய்திருப்பாள்? "பிழையாய் உயர்த்திவிட்டேன், மன்னியுங்கள்" என்று சொல்லியிருப்பாள். எனக்கோ தலைக்குள் இருந்த ஒரேயொரு விடயம் தானாக வாயால் வந்துவிட்டது.

"கௌரவ தவிசாளர் அவர்களே! (அ) எமது வீதிகளிலும் கடைவாசல்களிலும் திரியும் கட்டாக்காலி மாட்டின் சொந்தக்காரர் யார் என்பதைத் தாங்கள் அறிவீர்களா? (ஆ) அறிவீர்களாயின், அவர்மீது நடவடிக்கை எடுத்தீர்களா? (இ) இன்றேல், ஏன்?"

சபையில் சிரிப்பு வெடித்தது. எதிர்க்கட்சி மேசையில் தட்டியது. எங்கள் பக்கத்திலும் இரண்டு பேர் குனிந்து சிரித்தார்கள். என் உச்சரிப்பு அவ்வளவு நன்றாயிருந்தது என்று நினைத்தேன். அத்தானின் முகம் மட்டும் புளி கரைத்த தண்ணீர்போல இருந்தது.

"பதிலளிக்க," என்றார், "இரண்டு கிழமை அவகாசம் வேணும்."

இரண்டு கிழமைக்குள் பாதீட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றும், திரும்பவும் தோற்றால் தவிசாளர் பதவி போய்விடும் என்றும் செயலாளர் அப்போதுதான் அறிவித்தார். அதுமட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கீழே இறங்க, தவம் அண்ணை கடையை விட்டு வெளியே வந்து கும்பிட்டார்.

"பிள்ளை, சொந்த அத்தானெண்டும் பாராமல் முகத்துக்கு நேரை கேட்டியே! உனக்கல்லோ முதுகெலும்பு!"

"நான் மாட்டைப் பற்றித்தானே அண்ணை கேட்டனான்?"

"ஓமோம், அதைத்தான் சொல்லுறன். ஊருக்கே தெரியும், அது உன்ரை கொக்காவின்ரை சிவப்பி எண்டு. ஆருக்கு வாய் வந்தது?"

அக்காவின் சிவப்பி! கட்டையில் கட்டியிருக்கிறது என்று அக்கா சொல்லி நான் நம்பியிருந்த சிவப்பி! பகலில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஊர் மேய்வது ஊரில் எனக்கு மட்டுந்தான் தெரியாது.

அடுத்தநாள் பேப்பரில் என் படம். "மாட்டுக்காக மைத்துனரைக் கவிழ்த்த பெண் உறுப்பினர்." முகநூல்காரன் என் பெயருக்கு நேரே கேள்விகள் ஒன்று என்று மாற்றி, 'மனச்சாட்சியின் குரல்' என்று பட்டமும் தந்திருந்தான். கடைக்குச் சனம் வந்தது. சட்டை தைக்க இல்லை, என்னைப் பார்க்க. சிவகுரு ஐயா ஒரு கதலி வாழைக்குலையோடு வந்தார்.

"தங்கச்சி, மனச்சாட்சியை மாத்திப்போடாதை. அடுத்தமுறையும் உதே கைதான்."

உண்மையைச் சொன்னால் என்ன? சொல்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. பூச்சியமாக இருந்தவளை ஊர் எழும்பி நின்று கும்பிடுகிறது. நான் காது கேளாமல் கை உயர்த்தினேன் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பின்னேரம் அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாடு தின்ற சட்டைக்கு நான் துணி எடுத்துத் தந்திருப்பனேயடி! அதுக்காக மனுசன்ரை கதிரையைப் பிடுங்குவியோ?"

"தெரியாமல் உயர்த்திப்போட்டன் அக்கா."

"தெரியாமலோ? பேப்பரைப் பார், கை கூரையிலை முட்டுது. சிரிப்பு வேறை!"

அவள் அழுதுகொண்டு போனாள். நான் மெசினில் முகத்தை வைத்து அழுதேன்.

இரண்டு நாள் கழித்து அத்தான் வந்தார். கோபம் இல்லை. அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அந்தப் பாதீட்டில் என்னென்ன இருக்கிறது என்று சொன்னார். சுடலைக்குப் போகிற பாதைக்கு வெளிச்சம், வாசிகசாலைக்குக் கூரை, மாரியில் வெள்ளம் நிற்கிற ஒழுங்கைகளுக்கு வாய்க்கால். இரவிரவாக இருந்து தானே எழுதியதாம். நான் அதில் ஒரு வரிகூட வாசித்திருக்கவில்லை.

"கதிரை போனால் போகட்டும் பிள்ளை. ஆனால் பிறகு நான் முழு நாளும் வீட்டிலை கொக்காவோடையெல்லே இருக்கவேணும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எழும்பிப் போகும்போது தோள் கொஞ்சம் வளைந்திருந்தது.

இரண்டாவது கூட்டத்துக்கு மண்டபம் நிறையச் சனம். கீழ்ச்சபை கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்திருந்தது. அத்தான் பாதீட்டில் கட்டாக்காலி மாடு பிடித்து அடைக்க ஒரு பட்டியும் சேர்த்திருந்தார். நான் வலது கையை இடது கையால் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். செயலாளர் வாயைத் திறந்ததும் எழும்பினேன்.

"ஐயா, ஆதரிப்பவர்களோ, எதிர்ப்பவர்களோ? வடிவாச் சொல்லுங்கோ. ஃபானை நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுங்கோ."

ஃபான் நின்றது. "ஆ-த-ரிப்-ப-வர்-கள்" என்றார், குழந்தைக்குச் சோறு தீத்துவதுபோல. நான் இரண்டு கையையும் உயர்த்தினேன்.

"ரண்டு கை செல்லாது!" என்று சிவகுரு ஐயா எழும்ப, கதிரை விழுந்தது.

"பிள்ளை," என்றார் அத்தான், "ஒண்டு காணும்."

ஒன்றை இறக்கினேன். பாதீடு ஒரு வாக்கால் வென்றது.

சிவகுரு ஐயா விடவில்லை. "என்ன தங்கச்சி, ரண்டு கிழமைக்குள்ளை மனச்சாட்சி மாறிப்போச்சோ? கதலி எல்லாம் சமிச்சுப்போச்சுப் போல!"

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. பேசாமல் இருந்திருந்தால் விலைபோனவள் என்ற பெயரோடாவது தப்பியிருக்கலாம். அத்தானைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு மாறினது மனச்சாட்சி இல்லை ஐயா," என்றேன். "காது."

அதன்பிறகு நடந்ததை நான் எழுதமாட்டேன். தவம் அண்ணை சிரித்த சிரிப்பில் அவரைத் தூக்கிக்கொண்டுதான் கீழே இறக்கினார்கள். முகநூல்காரன் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 'வலது கை தன்னிச்சையாக இயங்கும்' என்று போட்டான். இவருக்கு இம்முறை விரல் தவறவில்லை, வேண்டுமென்றே விருப்பக்குறி போட்டார்.

பட்டி கட்டி முடித்த அன்றே பிடிபட்ட முதல் மாடு சிவப்பி. அக்கா வந்து தண்டம் கட்டி, புருசன் தலைமை வகிக்கும் சபையின் பற்றுச்சீட்டை வாங்கி, மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு என் கடை வாசலால் தலை நிமிர்த்திப் போனாள். மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை.

அவள் திரும்ப வாய் திறந்தது கோயில் தேரன்றுதான். முருகன் தேரில் ஏறி இருக்கிறார். வடம் பிடித்தாயிற்று. சனம் "அரோகரா" என்று குமுற, நானும் உருகிப்போய் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். பின்னால் இருந்து அக்காவின் குரல், நாலு வரிசைக்குக் கேட்கிறமாதிரி வந்தது. அன்று தொடங்கியது, இப்போது ஒவ்வொரு வருடமும் சொல்கிறாள். அதைக் கேட்பதற்கென்றே பக்கத்தில் வந்து நிற்கிற சனமும் உண்டு.

"முருகா, உவள் கும்பிடத்தான் கையைத் தூக்குறாள். எண்ணிப்போடாதையப்பா!"