ஹார்லன் பாடிய என் பாட்டு

அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். குழாய்க் கடை வேலையைத் தலைமுழுகிவிட்டு முழுநேரப் பாட்டெழுத்தாளன் ஆகிவிடுவது! திங்கட்கிழமை முதலாளியின் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவது! கண்ணாடி முன்னால் நின்று அதைச் சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். பாட்டுக்குப் பேர்போன எங்கள் நாஷ்வில்லில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் பாட்டெழுதுகிறவன் தலையில்தான் விழும். அத்தனை தலைகள் இருக்கும்போது என் தலைக்கு மட்டும் என்ன குறைச்சல், முடியைத் தவிர?

ஒரே ஒரு சிக்கல். பாட்டு நன்றாக இருக்கிறதா என்று யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பது என் மனைவி நெல்டா. அவள் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். "வலிக்கவே வலிக்காதுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாய். நான் எதைப் பாடினாலும் "நல்லாருக்கு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

எழுதினவன் யாரென்று தெரியாத வரைக்கும்தான் கேட்கிறவன் வாயில் உண்மை வரும். எங்கள் ஊரில் பாட்டெழுதுகிற எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் இது. ஆகவே கிட்டாரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன்.

"நெல்டா, பக்கத்து வீட்டு ஹார்லன் ஒரு பாட்டு எழுதியிருக்கான். எப்படி இருக்குன்னு என்னைக் கேட்டான். நீயும் கேளேன்."

"ஹார்லனா? அவன் பாட்டு வேற எழுதுறானா?"

"கேட்டுட்டுச் சொல்லு. தயவு தாட்சண்யம் பார்க்காதே."

பாடினேன். மனைவி விட்டுப் போய்விட்டாள், மழை கொட்டுகிறது, நாய் அழுகிறது, 'என் கண்ணீர் டீசலாய் ஓடுதடி' என்று கதாநாயகன் டிரக்கில் உட்கார்ந்து கதறுகிறான்.

நெல்டா கையைத் துடைத்துக்கொண்டாள். "டெல்பர்ட்! என்ன பாட்டு இது! அந்த ஹார்லனுக்குள்ள இப்படி ஒரு மனுஷனா!"

"நிஜமாவா?"

"சத்தியமா. இப்படி ஒரு வரி எழுத உனக்கு வராதுப்பா, தப்பா நினைச்சுக்காதே."

எனக்கு ஒரே சமயத்தில் குளிரவும் செய்தது, எரியவும் செய்தது. "அடியே, அது நான்தான்!" என்று வாயெடுப்பதற்குள் அவள் என் பாட்டுத் தாளையும் அள்ளிக்கொண்டு வேலியோரம் போய்விட்டாள்.

"ஹார்லன்! உன் பாட்டு பிரமாதம்! நாளைக்கு மிஸ் ஓபல் நடத்துற பாட்டுக்காரங்க கூட்டத்துல நீ பாடியே ஆகணும்!"

ஹார்லன் புல் வெட்டும் எந்திரத்தை நிறுத்திவிட்டு முழித்தான். "என்... பாட்டா?"

"உன் பாட்டுதான்! அடக்கத்தைப் பாரு! இரு, ஒரு தட்டு காரக் கோழி கொண்டுவரேன்."

கோழி என்றதும் அந்தப் படுபாவி சட்டென்று, "ஆமா, என் பாட்டுதான்" என்றான்.

எனக்கு வாரம் முழுக்க வறண்ட ரொட்டி. அவனுக்கு முழுக் கோழி! நெல்டா அவன் வீட்டுக்குள் போய் வெகுநேரம் பேசிவிட்டு வேறு வந்தாள். சரி, பாடித் தொலைக்கட்டும். கூட்டமே அசந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது நான் எழுந்து உண்மையைப் போட்டு உடைக்கிறேன், அப்போது தெரியும் டெல்பர்ட் யாரென்று.

ஞாயிறு சாயங்காலம், காபிக்கடைப் பின்கட்டில் கூட்டம். நடத்துகிறவள் மிஸ் ஓபல். பாட்டுகளை வாங்கிப் பதிப்பிக்கிற கம்பெனியில் பெரிய ஆள். அங்கே இரண்டு சட்டம். கருத்துச் சொல்கிறவர் முதலில் ஒரு நல்லதைச் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். பாட்டுக்காரன் கடைசிவரை வாயைத் திறக்கக் கூடாது.

ஹார்லன் பாடினான். இடையில் நான் எழுதாத ஒரு வரியைச் செருகினான்: 'கதவைச் சாத்திட்டுப் போ, பூட்டிட்டுப் போகாதே.' என் பாட்டில் கை வைக்க இவன் யார்? பாட்டு முடிந்ததும் விருட்டென்று எழுந்தேன்.

"இந்தப் பாட்டு..."

நெல்டா என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு கண்ணு."

உட்கார்ந்தேன். கருத்துகள் ஆரம்பித்தன.

"கிட்டாருக்குச் சுருதி நல்லா சேர்ந்திருந்தது. பாட்டுக்குத்தான் எதுவுமே சேரலை."

"எனக்கு அந்த நாயைப் பிடிச்சிருந்தது. அதை மட்டும் வெச்சுக்கிட்டு மீதியை விட்டுடலாம்."

"சீக்கிரம் முடிஞ்சது, சந்தோஷம். அந்தப் பொண்ணு ஏன் வீட்டை விட்டுப் போனான்னு மூணாவது வரியிலேயே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

கூட்டமே குலுங்கிச் சிரித்தது. ஹார்லன் சட்டப்படி வாய்மூடி உட்கார்ந்திருந்தான். அப்பாடா! அந்த நாற்காலியில் நான் இல்லை! நானும் சேர்ந்து சிரித்தேன், கொஞ்சம் பலமாகவே.

கடைசியில் மிஸ் ஓபல் பேசினாள். "அந்தக் கதவு வரி அருமை. அதை எழுதினவங்களை நான் பார்க்கணும்." ஹார்லனிடம் தன் விசிட்டிங் கார்டை நீட்டினாள்.

ஹார்லன் கார்டை நெல்டா பக்கம் தள்ளிவிட்டு வாய் திறந்தான். "அதை எழுதினது நெல்டா மேடம். நேத்துதான் சேர்த்துக் கொடுத்தாங்க."

"அப்ப மீதிப் பாட்டு?"

ஹார்லன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தேன். நெல்டா அவனைப் பார்த்தாள். ஹார்லன் பெருமூச்சு விட்டான்.

"மீதியெல்லாம் நான்தாங்க."

அவனுக்குக் கோழி என்ன, பண்ணையே கொடுக்கலாம்!

வண்டியில் ஏறியதும் நெல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "என் மானத்தைக் காப்பாத்திட்டே. உனக்கு எப்பத் தெரியும்?"

"கண்ணீர் டீசலா ஓடுச்சே, அப்பவே. ஹார்லன் வண்டிக்குப் பெட்ரோல். டீசல் வண்டி உன்னோடது."

"அப்புறம் ஏன் அப்படிப் புகழ்ந்தே?"

"மட்டம்னு சொன்னா ரோஷத்துல வேலையை விட்டுடுவே. நல்லாருக்குன்னு சொன்னா சந்தோஷத்துல விட்டுடுவே. ஹார்லன் பேர்ல புகழ்ந்தாத்தான் உன்னால ஆடவும் முடியாது, அசையவும் முடியாது."

"நல்லவேளை நெல்டா! திங்கக்கிழமை முதல் ஆளாக் கடையில நிக்கிறேன், பாரு."

"நில்லு கண்ணு, கண்டிப்பா நில்லு" என்று மிஸ் ஓபலின் கார்டைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். "வீட்டுல ஒரு சம்பளமாவது வரணுமில்ல? நான் நாளைக்குப் பல் டாக்டர்கிட்ட வேலையை விடறதாச் சொல்லப் போறேன்."