பேட்டரிக்கு வைத்த பரீட்சை

டெல்பர்ட் ஸ்டாம்பரின் இடுப்பில் விண்விண்ணென்று தெறித்த வலி, பூவுலகைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதன் பட்ட வலி. கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்தில் பாதி ஆயுள் குனிந்து வாங்கிய வலியெல்லாம் இதன் கால்தூசு பெறாது. புயலில் மின்சாரம் போய், உறைபெட்டியிலிருக்கும் மான்கறி மறுபடியும் நாறக் கூடாதென்று, மைத்துனன் வெர்ஜிலிடம் கடன் வாங்கி வீட்டுக்கு ஒரு பெரிய பேட்டரி வாங்கினான். "பூமியைக் காக்குற பேட்டரிக்கு அரசாங்கம் தர்ற வரிச் சலுகை வந்ததும் முதல் தவணை" என்பது பேச்சு. இருவருமாய்ச் சரளைக்கல்லில் இழுத்துவந்து சுவரில் மாட்டினார்கள். இழுத்த இழுப்பில் அதன் விவரச்சீட்டு உரிந்துபோயிற்று.

வரிக்கணக்கு எழுதும் க்ளென்னா கேட்டாள்: "மூணு யூனிட்டாவது கொள்ளணும், டெல்பர்ட். அப்பதான் சலுகை. உங்களுது எவ்வளவு?"

"என் இடுப்பைக் கேளும்மா. அதுக்குத்தான் தெரியும்."

ஆகவே, தேவாலய ஞாயிறு விருந்து அவன் வீட்டு முற்றத்தில் 'உயர்மட்டத் தொழில்நுட்ப ஆய்வு' ஆயிற்று. பீன்ஸ் வேகும் நாலு மின்சட்டிகளைப் பேட்டரியில் செருகினார்கள்.

"நாலும் சேர்ந்து மணிக்கு ஒரு யூனிட் குடிக்கும்," என்றான் வெர்ஜில். "மூணு மணி நேரம் தாங்கினா பாஸ். தாங்கலேன்னா உன்னைச் செருகுறேன், மச்சான்."

மூன்றாவது மணி நேரமும் முடிந்தது. சபை எழுந்து நின்று துதிப்பாட்டுப் பாடியது. நாலாவது மணி நேரத்திலும் சட்டிகள் கொதித்தன. பீன்ஸ் தேச நலனுக்காக அடிப்பிடித்தது.

இரண்டாவது கிண்ணம் பீன்ஸைக் காலிசெய்துகொண்டிருந்த க்ளென்னா, "அஞ்சு யூனிட்டாம். காலையிலேயே கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்," என்றாள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா பீன்ஸ் வெந்திருக்குமா? சரி, இந்த வருஷத்துக்கு எவ்வளவு வரி?"

"சுரங்கத்தை மூடிட்டானுங்க. மரப்பட்டறையில அரை வருஷ வேலை. வரி கட்டுற அளவுக்கு வருமானம் எங்க வந்துச்சு?"

"அப்ப கழிக்க ஒண்ணுமில்லையே. வரியிலதான் கழிப்பாங்க, கையில தர மாட்டாங்க. பேட்டரிக்குத் தகுதி இருக்கு டெல்பர்ட், உங்களுக்குத்தான் இல்லே."

"பின்னே யாருக்குத்தான் கிடைக்கும்?"

"ஏரிக்கரை டாக்டர் நாலு பேட்டரி மாட்டினாரு. முழுசாக் கிடைச்சுது."

"அவர் வீட்ல அவ்வளவு மான்கறியா?"

"ஒயின். குளிர்ச்சியா இருக்கணுமாம். உங்க சலுகையும் வீணாகாது. நல்லாச் சம்பாதிக்கிற வருஷத்துக்குத் தள்ளி வச்சுக்கலாம்."

என்ன தொலைநோக்கு! அவனுக்கான உதவியை, அது அவனுக்குத் தேவைப்படாத காலம்வரை, கெட்டுப்போகாமல் பத்திரமாகக் குளிரவைத்திருக்கிறது அரசாங்கம்.

வெர்ஜில் கருகிய பீன்ஸைச் சுரண்டிக்கொண்டே நிமிர்ந்தான்.

"அப்ப என் காசு, மச்சான்?"

வெர்ஜிலுக்கு டெல்பர்ட் இன்னும் நாலாயிரத்து இருநூறு டாலர் தர வேண்டும்.