குழாயடியில் நின்று காத்த கடைசி விக்கெட்

பேரன்புக்கும் அதைவிடப் பெரிய அவசரத்துக்கும் உரிய மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கு என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். இனி நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

“மூணு மணி நேரத்துல முடியிற ஆட்டம் பாக்குற பையன் நாலாவது மணி நேரத்துல என் பொண்ண விட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா?” என்று நீ விரும்பும் பெண்ணின் அப்பா, ஓய்வுபெற்ற சர்வேயர், கேட்டார் அல்லவா? அவர் மனதைக் கரைக்க, டெஸ்ட் மேட்சில் ஐந்து நாளும் பக்கத்தில் உட்காரும்படி என்னை அனுப்பினாய். நீ மட்டும் இருபது ஓவரை வீட்டு சோபாவில் பார்த்துக் களைத்துப்போயிருந்தாய், பாவம்.

மைதானத்தைக் கட்டியவர் மகா ரசிகர். ஆட்டம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் தெரியும்படி கட்டியிருக்கிறார். எங்களுக்கு நேர் எதிரே யானைப் பருமனில் ஒரு தூண். பந்து வீசும் முனை சர்வேயருக்குத் தெரியும், அடிக்கும் முனை எனக்குத் தெரியும். “போட்டாச்சு” என்பார் அவர். “தொடல” என்பேன் நான். இப்படி இருவர் கூட்டாக நான்கு நாள் ஒரு மேட்ச் பார்த்தோம். உன் பேச்சை எடுத்தபோதெல்லாம், ஓவர் முடியட்டும் என்று கையைக் காட்டிவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை நம் பக்கம் மிச்சம் ஒரே விக்கெட். சர்வேயர் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனார், அந்த நேரம் பார்த்து எதிரணி கேட்சைக் கோட்டைவிட்டது. அவ்வளவுதான், காலரியே எழுந்து, “ஐயா, அங்கயே நில்லுங்க, நீங்க நகந்தா விக்கெட் போயிரும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஜோடி நிற்கும்வரை ரசிகனும் இருந்த இடத்தில் இருக்கவேண்டுமே! எனக்கும் அதே தண்டனை, நாற்காலியில். ஆகவே உன் கல்யாணப் பேச்சை நாற்பது வரிசை வழியாக ஆள்மாற்றி ஆள் சொல்லி அனுப்பினேன். உன் சம்பளமும் குறட்டையும் இப்போது பதினெட்டாயிரம் பேருக்கு மனப்பாடம். உன் குணத்தை விசாரிக்க அம்பயரே எல்லைக்கோடுவரை வந்துபோனார்.

மாலையில் மேட்ச் டிரா. ஆறு மணி நேரம் நின்ற காலோடு சர்வேயர் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அஞ்சு நாள் ஆச்சு, ரெண்டு பக்கமும் ஜெயிக்கல, தோக்கவும் இல்ல. குடும்பமும் இப்படி ஓடுனாப் போதும் சம்பந்தி. பையன வரச் சொல்லுங்க.”

நீயும் அவளும் நூறு வயதுவரை ஆட்டமிழக்காமல் நிற்க வாழ்த்தும்,
உன் மாமன்.

பி.கு.: ஐந்து நாளும் அடைமழை. ஒரு பந்துகூட வீசவில்லை. தூணும் இல்லை, பதினெட்டாயிரம் பேரும் இல்லை. பிட்ச்சை மூடிய தார்ப்பாயைப் பார்த்தபடி நாங்கள் இருவர்தான் ஒரு குடைக்குள் உட்கார்ந்திருந்தோம். அடுத்த டெஸ்டில் குடைக்குள் என் இடம் உனக்காம். மற்றபடி, பையனை வரச்சொல்லுங்கள் என்று அவர் சொன்ன அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.